மாமாவை எந்த நாட்டுச் சிறையில் வைப்பது

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வானொலியில் ஒரு விவாதம் போனது. நம் நாட்டுச் சிறைகளில் இருக்கும் வெளிநாட்டுக்காரரை அவரவர் நாட்டுக்கே அனுப்பி, மிச்சத் தண்டனையை அங்கே கழிக்க விடலாமா என்பதுதான் பேச்சு. தம்பி, நீ மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னாய்: "அனுப்பிவிட வேண்டியதுதானே. எங்கட சோத்தை ஏன் அவங்களுக்குப் போடுவான்?" உன் அக்கா உடனே எதிர்த்தாள்: "இஞ்ச செய்த பிழைக்கு இஞ்சதான் இருக்க வேணும். ஊருக்கு விட்டா அடுத்த நாளே வெளிய வந்திடுவாங்கள்." பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தீர்கள். நான் கை கழுவ எழும்பிப் போனேன். உங்கள் அம்மா வானொலியை நிறுத்தினார்.

அன்றைக்கு நான் வாய் திறக்காததற்குக் காரணம் இருக்கிறது. வாயால் சொன்னால் நடுவில் குழம்பிப் போவேன் என்று தெரியும். அதனால்தான் பிள்ளைகளே, உங்களுக்கு இந்தக் கொப்பியில் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

உங்கள் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, கப்பலில் வேலை செய்கிறார் என்று சொல்லித்தான் உங்களை வளர்த்தோம். முதல் இரண்டு வருடம் அது உண்மை. அதற்குப் பிறகு பத்து வருடம் அவர் சிறையில் இருந்தார். பாதிக்காலம் ஹொங்கொங்கில், பாதிக்காலம் கொழும்பில். அம்மா மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்குப் போகிறேன் என்று சொல்லிக் கொழும்புக்குப் போனதும் அதற்காகத்தான். அம்மாவுக்கு ஒரு நாளும் ஒரு நோய் வருத்தமும் இருந்ததில்லை. இதை எழுதலாமா என்று மாமாவிடம் கேட்டேன். குச்சவெளியில் தன்னுடைய பட்டறையில் ஒரு படகு எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: "எழுதுங்கோ அத்தான். வெளியில ஆரும் சொல்லிக் கேக்கிறதை விட உங்கட வாயால கேக்கட்டும். ஆனா என்னை நல்லவனாக்கி எழுதாதேங்கோ."

ஆகவே நடந்தபடி எழுதுகிறேன். சண்டை நடந்து, ஆமிக்காரரின் சுற்றிவளைப்புகள் நடந்துகொண்டிருந்த காலத்தில், வீட்டில் ஒரு இளந்தாரி இருந்தால் அந்த வீட்டில் நிம்மதி இராது. அதனால்தான் அவர் கப்பலுக்குப் போனார். போன இடத்தில் கூட வேலை செய்த ஒருவனின் பையை ஹொங்கொங் துறைமுக வாசலால் வெளியே கொண்டுபோகச் சம்மதித்தார். பைக்குள் போதைத் தூள் இருந்தது. பதினைந்து வருடச் சிறை என்று தீர்த்தார்கள். நல்லபடி நடந்தால் பத்தோடு விடுவார்களாம். தெரியாமல் தூக்கினவன் என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். மாமா எனக்குச் சொன்னது வேறு: "என்ன சாமான் எண்டு தெரியாது அத்தான். கூடாத சாமான் எண்டு தெரியும்." அந்தத் தூளால் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் கெட்டிருக்கும் என்று யோசித்தால், தண்டனை கூடிவிட்டது என்று என்னால் சொல்ல ஏலாது. அன்றைக்கும் சொல்லவில்லை.

நாலு வருடம் போன பிறகு அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இலங்கைக் கைதிகளை இலங்கைக்கே அனுப்புவதற்கு இரண்டு நாடுகளும் ஒப்பந்தம் செய்திருக்கின்றன, விருப்பம் என்றால் கையெழுத்து வைக்கலாம் என்று அங்கே ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். விரும்பாதவனை அனுப்ப மாட்டார்கள். ஒருமுறை வந்துவிட்டால் திரும்பிப் போகவும் ஏலாது. கடிதத்தின் கடைசியில் இப்படி இருந்தது: "அத்தான், எனக்கு யோசிக்கத் தெரியேல்லை. நீங்கள் வா எண்டால் வாறன். இரு எண்டால் இருக்கிறன்."

அப்போது நாங்கள் திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் வாடகை வீட்டில் இருந்தோம். அம்மா குசினிக்குள் நின்று கடிதத்தை மூன்று தரம் வாசித்தார்.

"இண்டைக்கே எழுதுங்கோ, வா எண்டு."

"வா எண்டு எழுதிறது லேசு. வந்தா எங்க வைக்கிறது?"

"ஏன், எங்கட நாட்டில மறியற்சாலை இல்லையோ?"

"மறியல் இருக்கு. அதுக்குள்ள எங்கட தமிழ்ப் பொடியள் இருக்கிற இருப்பு உமக்குத் தெரியாதே. திருகோணமலை எண்டு அடையாள அட்டையில கண்டாலே போதும். ஹொங்கொங்கில இருந்தா உயிரோட இருப்பான்."

"நாலு வருஷமா ஒரு தமிழ் வசனம் காதில விழேல்லை எண்டு எழுதியிருக்கிறான். அது உயிரோட இருக்கிறதோ?"

"காதில விழாட்டி ஆரும் சாகமாட்டினம்."

அம்மா அகப்பையைச் சட்டிக்குள் விட்டுவிட்டுத் திரும்பினார். "உங்கட தம்பியா இருந்தா இப்பிடிக் கதைப்பீங்களோ?"

என் மனதில் இன்னொன்றும் இருந்தது. அதையும் மறைக்கக் கூடாது. மகளே, நீ ஞாயிற்றுக்கிழமை சொன்னாயே, அதேதான். எந்த நாட்டில் பிழை செய்தானோ அந்த நாட்டில் இருந்து கழிக்கட்டும், அதுதான் நியாயம் என்று நான் நம்பியிருந்தேன். வெசாக் பண்டிகைக்கு மன்னிப்புக் கிடைக்கும், சுதந்திர தினத்துக்குக் குறைப்பார்கள் என்று அம்மா அக்கம்பக்கத்தில் விசாரித்துவந்து சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. தண்டனையைக் குறைப்பதற்கு ஊருக்கு வருவது என்றால் நான் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சில நாள் வீட்டில் பேச்சில்லை. அம்மா சோற்றுக் கோப்பையைக் கொண்டுவந்து வைத்த சத்தத்திலேயே மனநிலையை அறிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் அப்போது துறைமுகத்தில் பைலட் லாஞ்சில் இருந்தேன். உள்துறைமுகத்துக்குள் கப்பலைக் கொண்டுவருகிறவர் பைலட், அவர் போய்வரும் படகு லாஞ்ச். ஆழம் காட்டும் மெஷின் பழுதாகி, மாற்றுச் சாமான் வராமல் கிடந்த காலம் அது. கப்பல் வருவதற்கு முன்னால் நாங்கள் சின்ன லாஞ்சில் அதே பாதையால் போய், ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்ப்போம். கயிறு இறக்குவது நான். ஒரு பாகம் ஆறு அடி. குண்டு தரையில் முட்டியவுடன் எத்தனை பாகம் என்று உரத்துச் சொல்ல வேண்டும். ஆறு பாகம் என்றால் ஆறு. ஆறேகால் என்றால் ஆறேகால். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லக் கூடாது. ஒருநாள் நான் வாய் தவறி, "ஏழு பாகம், தாராளமாப் போகலாம் சேர்," என்று சொல்லிவிட்டேன். பைலட் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நான் உன்னட்ட ஆழம் கேட்டனான். புத்தி கேட்டனானோ?" லாஞ்சில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஒரு கிழமை என்னை அவர்கள் 'தாராளம்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

அம்மாவோடு பேச்சில்லாத மூன்றாம் நாள் கயிற்றை இறக்கிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பட்டது. கொழும்புச் சிறையைப் பற்றி நானும் அம்மாவும் சண்டை பிடிக்கிறோம். இரண்டு பேரில் ஒருவரும் அந்த வாசலைக் கண்ணால் கண்டதில்லை. அளந்து பார்க்காத தண்ணீருக்குள் ஒரு ஆளைக் கொண்டுவா, கொண்டுவராதே என்று எப்படிச் சொல்வது?

எங்கள் லாஞ்சின் எஞ்சின்காரர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம். அவருடைய மூத்த சகோதரர் ஒரு காணிச் சண்டையில் வெட்டுக்குத்து நடந்து, ஏழு வருடத் தண்டனை பெற்றுக் கொழும்புச் சிறையில் இருந்தார். நெடுங்காலத் தண்டனை தீர்க்கப்படுகிறவர்களை அங்கேதான் கொண்டுபோவார்கள். என்னையும் கூட்டிக்கொண்டு போவீர்களா என்று நான் கேட்டவுடன் அவர் வேறு கேள்வி கேட்கவில்லை.

"வெள்ளிக்கிழம வேல முடிஞ்சி போவம். மருதானையில எங்கட சொந்தக்கார வீடு இருக்கு, அங்க தங்கலாம். போற வழியில இறங்கி ஏறி இறங்கி ஏறிக் கால் செத்துரும், அத மட்டும் சொல்லிப்போட்டன் மச்சான்."

அவர் சொன்னது சரிதான். பஸ்ஸிலிருந்து எட்டுச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் இறக்கினார்கள். ஒவ்வொரு இடத்திலும் பையைத் தூக்கிக்கொண்டு, அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். நான் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டேன். எந்த இடம், எவ்வளவு நேரம், பெண்களுக்குத் தனி வரிசை இருந்ததா, குழந்தையோடு வந்த தாயை என்ன செய்தார்கள். எஞ்சின்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "என்ன மச்சான், ரோட்டுக்கும் ஆழம் பார்க்கிறயளா?"

அடுத்த நாள் காலை சிறைச்சாலை வாசலில் வரிசை பெரிய மதிலின் மூலைவரை நின்றது. எல்லோர் கையிலும் சாப்பாட்டுப் பாத்திரம். எஞ்சின்காரரின் மைனி, உள்ளே இருக்கிறவரின் மனைவி, பொரித்த மீனும் சம்பலும் கட்டித் தந்திருந்தார். காவலர் ஒருவர் ஈர்க்குக் கட்டு மாதிரி ஒன்றை எடுத்து எல்லாவற்றையும் கிளறிப் பார்த்தார். மீனை உடைத்தும் பார்த்தார். உறவினர் மட்டும்தான் உள்ளே போகலாம். பெயர் எழுதுகிறவர் என் அட்டையைப் பார்த்தார், எஞ்சின்காரரின் அட்டையைப் பார்த்தார், உறவு என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

எஞ்சின்காரர் மச்சான் என்றார்.

எழுதுகிறவர் பேனையை வைத்துவிட்டு என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார். "கலியாணம் கோயிலிலயா பள்ளிவாசல்லயா நடந்தது?"

"ரெண்டிலயும் இல்ல சேர். துறைமுகத்தில," என்றார் எஞ்சின்காரர். பின்னால் நின்ற ஒரு சிங்கள அம்மா சிரித்துவிட்டார். எழுதுகிறவரும் சிரித்துக்கொண்டே எழுதி உள்ளே விட்டார்.

உள்ளே இரண்டு கம்பி வலை. இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கக்கூடிய இடைவெளி. இந்தப் பக்கம் நாற்பது பேர், அந்தப் பக்கம் நாற்பது பேர். எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டுப் பேசுகிறார்கள். பத்து நிமிடம். எஞ்சின்காரரின் காக்கா, அதாவது அண்ணன், மெலிந்த ஆள், தலையில் தொப்பி. நான் நினைத்தேன், சுகமா, சாப்பாடு எப்படி, வழக்கு என்ன மாதிரி என்று கதை போகும் என்று. எஞ்சின்காரர் வலையைப் பிடித்துக்கொண்டு போட்ட முதல் சத்தம் இதுதான்:

"காக்கா, வீட்டுக்குத் தகரம் போடப் போறம். மைனி ஓடுதான் வேணுமெண்டு நிக்கிறா."

பீரங்கிச் செல் விழுந்து கூரை போன வீடு அது. காக்காவின் முகம் சிவந்துவிட்டது.

"தகரமா? வெயிலுக்குப் புள்ளயள் வெந்து சாகவா? ஓடு போடு."

"ஓட்டுப் பாரத்தச் சுவர் தாங்காது காக்கா."

"சுவரக் கட்டினது நீயா நானா? மேற்குப் பக்கத்துக் கூரை வளை உக்கியிருக்கும். அத மாத்திப்போட்டு ஓடு போடு. முதிரையில போடு, வேற மரத்துல போட்டியெண்டா நான் வந்து கழட்டுவன்."

"வாங்க, வந்து கழட்டுங்க. இன்னும் மூணு வருஷம் கிடக்கு."

காக்காவும் சிரித்தார். பத்து நிமிடமும் கூரைதான். மணி அடித்துவிட்டார்கள். வெளியே வரும்போது எஞ்சின்காரர் தலையைச் சொறிந்தார். "மறியல்ல இருந்துகொண்டு அதிகாரத்தப் பாருங்களன். தகரம் எடுத்து வளவுக்குள்ள அடுக்கியாச்சு. இப்ப அதத் திருப்பிக் குடுத்துப்போட்டு ஓடு எடுக்க வேணும்."

"எடுக்கப் போறீங்களோ?"

"எடுக்காம? வீடு அவர்ர வீடு மச்சான்."

அதற்குப் பிறகு என்னை வாசலடிக் காவற்சாவடியில் மறித்தார்கள். திருகோணமலைத் தமிழன், முஸ்லிம் கைதி ஒருவரை மச்சான் என்று சொல்லிப் பார்த்தவன், சட்டைப்பையில் சாவடிகளைக் குறித்து எழுதிய பஸ் டிக்கெட். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் மறித்திருப்பேன். அந்த டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனது என்னுடைய மடத்தனம். உண்மையில் உள்ளே எந்த இயக்கப் பொடியனைப் பார்க்க வந்தாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அரைகுறைச் சிங்களத்தில் துறைமுகம், கயிறு, ஆழம் என்று நான் விளக்க விளக்க அவர்களுக்குச் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஐந்து மணித்தியாலம் ஒரு வாங்குப் பலகையில் இருந்தேன். அடிக்கவில்லை. தண்ணீர் தந்தார்கள். கடைசியில் எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, நான் யார் என்று உறுதியான பிறகு விட்டார்கள். எதிர்ப்பக்க மரத்தடியில் எஞ்சின்காரர் காலிப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு அவ்வளவு நேரமும் இருந்தார். மனிதன் போயிருக்கலாம். போகவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன்.  அம்மா கூரைக் கதைக்குச் சிரித்தார். சில நாளுக்கு முன்னால் பேசாமல் இருந்தவரா என்று நினைக்கும்படி சிரித்தார். "முதிரையில போடாட்டிக் கழட்டுவாராமோ," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அன்றைக்குப் பின்னேரமே கடிதம் எழுத இருந்தேன். வா என்றும் எழுதுவதில்லை, இரு என்றும் எழுதுவதில்லை, கண்டதை மட்டும் எழுதுவது என்று தீர்மானித்திருந்தேன். போகிறதும் வருகிறதும் அவருடைய உயிர், அவருடைய காலம். நாலு பக்கம் எழுதினேன். அம்மாவிடம் கொடுத்தேன்.

அம்மா வாசித்து முடித்து, இரண்டாம் பக்கத்தில் விரலை வைத்தார். "இந்தச் சாவடிக் கதையை வெட்டுங்கோ. வாசிச்சா வர மாட்டான்."

"நடந்ததை வெட்ட மாட்டன்."

"என்னையும் இப்பிடி இருத்துவாங்களோ எண்டு பயந்து அங்கேயே இருந்திடுவான்."

"இருத்துவாங்கள்தான். அதையும் எழுதியிருக்கிறன், வாசியும்."

அம்மா கடிதத்தை மறுபடி முதலிலிருந்து வாசித்தார். இந்தத் தரம் மெதுவாக வாசித்தார். பிறகு கேட்டார்:

"இதில ஓட்டுக் கதை எங்க?"

"எந்த ஓட்டுக் கதை?"

"கூரைக்கு ஓடு போடுறதோ தகரம் போடுறதோ எண்டு கேட்ட கதை."

"அது அவையின்ட வீட்டுக் கதை. இவனுக்கு என்னத்துக்கு?"

"சாவடியில இருத்தினது ஒண்டரைப் பக்கம். வலைக்குப் பக்கத்தில நிண்டு கதைச்சது, 'பத்து நிமிடம் தருவார்கள், சத்தம்' எண்டு ஒரு வரி. நீங்கள் ஆழம் பார்க்கிறவரோ, இல்லாட்டி உங்களுக்கு வேணும் எண்ட இடத்தில மட்டும் கயிறு விடுறவரோ?"

பிள்ளைகளே, எனக்கு முகம் சுட்டது. அம்மா சொன்னது உண்மை. புத்தி சொல்ல மாட்டேன் என்று பெருமையாக எழுதத் தொடங்கிய நான், மாமா வரக் கூடாது என்று மனதுக்குள் முடிவெடுத்துவிட்டு, வரத் தூண்டக்கூடிய ஒன்றை விட்டிருக்கிறேன். தெரிந்து செய்தேனா என்று கேட்டால் இல்லை. அதுதான் இன்னும் மோசம். துறைமுகத்தில் ஒரு இடத்து ஆழத்தை இப்படி விட்டிருந்தால் கப்பல் என்னவாகியிருக்கும்?

நான் இன்னொரு தாளை எடுத்து அந்தப் பத்து நிமிடத்தையும் எழுதினேன். ஓடு, தகரம், உக்கிய வளை, முதிரை, எல்லாம். அம்மா பக்கத்தில் நின்று, "கழட்டுவன் எண்டதையும் போடுங்கோ," என்றார். சாவடிக் கதையை அவரும் வெட்டச் சொல்லவில்லை. அடுத்த நாள் தபாற்கந்தோருக்கு அம்மாவே கொண்டுபோனார்.

பதில் வர மூன்று மாதம் ஆனது. நான் எழுதியதில் மாமா பயந்ததெல்லாம் அதில் இருந்தது. தன் அக்கா அந்த வாங்கில் இருப்பதை நினைக்க நித்திரை வரவில்லை என்று எழுதியிருந்தார். சாவதற்கும் பயமாக இருக்கிறது என்று ஒளிக்காமல் எழுதியிருந்தார். பிறகு இந்த வரிகள்: "இங்க என்னை ஒருத்தரும் கரைச்சல் படுத்திறேல்லை அத்தான். சாப்பாடு நேரத்துக்கு வருகுது. ஆனா நாலு வருஷமா என்னட்ட ஆரும் ஒண்டும் கேட்டதில்லை. என்ன செய்யலாம் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. அந்த ஓட்டுக் கதையை வாசிச்சுப்போட்டு இருந்து யோசிச்சனான். கையெழுத்து வைச்சிட்டன்."

அம்மா அழுதார். நான் அழவில்லை. எனக்கு விருப்பமில்லாத முடிவு அது. ஆனால் அவருடைய முடிவு. அன்றிலிருந்து அதைச் சரியாக நடத்திக் கொடுப்பது என் வேலை என்று எடுத்துக்கொண்டேன். கிராம சேவையாளரிடம் வதிவிடக் கடிதம், எரிந்துபோன பிறப்புப் பதிவுக்குப் பதில் இன்னொன்று, அரசாங்கக் கச்சேரிக் கந்தோரில் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசை. நாளைக்கு வா என்றால் நாளைக்கே போய் முதல் ஆளாக நின்றேன். ஒரு உத்தியோகத்தர் சொன்னார்: "வெளிநாட்டுக்குப் போக அலையிறவையைக் கண்டிருக்கிறன். மறியலுக்கு வாறதுக்கு அலையிற ஆளை இப்பத்தான் காணுறன்." "நானும் இப்பத்தான் சேர்," என்றேன். ஒன்றரை வருடம் ஆனது அவர் வந்து சேர.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். தம்பி, சோற்றுக்காக ஒருவனை அனுப்பிவிடு என்று சொல்லாதே. அவனுக்கு விருப்பமில்லாமல் அனுப்புவது, துரத்துவது. மகளே, பிழை செய்த மண்ணிலேயே கிடக்கட்டும் என்று நீ சொன்னதைத்தான் நானும் ஒரு காலம் சொன்னேன். தண்டனை என்றால் கதவைப் பூட்டுவது. அது எந்த நாட்டிலும் பூட்டலாம். மாமா கொழும்பிலும் அந்தப் பத்து வருடக் கணக்கில் ஒரு நாள் குறையாமல் இருந்துதான் வந்தார், எந்த மன்னிப்புப் பட்டியலிலும் அவர் பெயர் வரவில்லை. ஆனால் திரும்பி வந்து இதே மனிதர்களோடு வாழப் போகிறவன், அந்த மனிதர்களின் காதுக்கு எட்டும் இடத்தில் இருப்பது நல்லது என்று இப்போது நம்புகிறேன். அவன் கேட்டால் அனுப்ப வேண்டும். அவனைக் கூப்பிடுகிற நாடும் அவனை உயிரோடு வைத்திருக்க வேண்டும். அந்த இரண்டாவது காரியம் எங்கள் நாட்டில் அப்போது நிச்சயமாக இருக்கவில்லை. தெரிந்துகொண்டுதான் அவர் வந்தார், நாங்களும் வழி செய்தோம். ஒருதரம் பாதை பூட்டி இரண்டு மாதம் போக முடியவில்லை. ஒருதரம் அம்மாவை அதே சாவடியில் பொழுதுபடும் வரைக்கும் இருத்தினார்கள். அடுத்த மாதம் போக வேண்டாம் என்றேன். அம்மா புளிச்சோற்றைக் கட்டிக்கொண்டே, "நீர் ஈயக்குண்டு விடுங்கோ, நான் போயிட்டு வாறன்," என்றார். கோபத்து 'நீரும்' மரியாதை 'விடுங்கோ'வும் ஒரே வசனத்தில் வந்தால் அம்மாவை மறிக்க ஏலாது என்று உங்களுக்கும் தெரியும்.

மாமாவைப் பார்க்க முதல் தடவை நாங்கள் இரண்டு பேரும்தான் போனோம்.  பஸ்ஸில் அம்மா ஏதோ கணக்குப் போடுகிறவர் மாதிரி இருந்தார். வலைக்கு அந்தப் பக்கம் மாமா வந்து நின்றபோது எனக்கு ஆளை அடையாளம் பிடிக்க முடியவில்லை. முன்தலை வழுக்கை, கண் மட்டும் பழைய கண். அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்தில் எல்லோரும் கத்துகிறார்கள். நேரம் போகிறது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் அழுவார் என்று நினைத்துக் கைலேஞ்சியை எடுத்து வைத்திருந்தேன்.

அம்மா வலையைப் பிடித்துக்கொண்டு சத்தமாகக் கேட்டார்: "தம்பி, மூத்தவளைச் சிங்கள வகுப்புக்கு விடவோ வேண்டாமோ? அத்தான் வேண்டாம் எண்டு நிக்கிறார்."

உண்மைதான். அந்த மாதம்தான் மகளின் பள்ளிக்கூடத்தில் ஒரு ஆசிரியர் வகுப்புத் தொடங்குவதாகச் சொல்லியிருந்தார். இந்த நேரத்தில் சிங்களம் படிக்க விட்டால் சனம் ஒரு மாதிரிக் கதைக்கும் என்று நான் மறுத்திருந்தேன். ஆனால் அதை இங்கே கொண்டுவந்து கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

 தமிழ் மாமாவுக்கு நாக்கில் ஒட்டி ஒட்டி வந்தது. "கிழமையில எத்தினை நாள்?"

"மூண்டு."

"ஆர் படிப்பிக்கிறது?"

"புதுசா மாறி வந்த ரீச்சர். நல்லவ எண்டு சொல்லினம்."

"தூரமோ?"

"நடந்து போகலாம்."

மாமா யோசித்தார். பத்து நிமிடத்தில் ஒரு நிமிடத்தை அந்த யோசனைக்கே செலவழித்தார். நான் அவசரப்படுத்தவில்லை. பிறகு அவர் வலைக்குக் கிட்ட வந்து, அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"விடுங்கோ அத்தான். வாசல்ல நிக்கிறவனோட அவளாவது கதைக்கட்டும். உங்கட சிங்களத்துக்கு அஞ்சு மணித்தியாலம் பிடிச்சதெல்லோ."

சரி என்றேன்.

மகளே, மூன்று வருடம் கிழமைக்கு மூன்று நாள் அந்த வகுப்புக்குப் போகும்போது நீ என்னைத்தான் திட்டினாய். உன்னை விட்டது மாமா. அதையும் எழுதச் சொல்லியிருக்கிறார். திட்டுவதென்றால் குச்சவெளிக்கு வந்து நேரே திட்டட்டுமாம்.